என்-ரோட்ஸ் சிமுலேட்டர்: நகர்த்துவதற்கு முன் ஊகிக்கச் சொல்லுங்கள்

புவியியல் பாடம் எடுக்கிறவள் நான். காலநிலை மாற்றம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் ஒரே கதைதான் நடக்கும். பசுமைக்குடில் விளைவு, கரியமில வாயு, பனிப்பாறை உருகுதல் எல்லாம் மாணவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். சரி, இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் மரம் நடுவோம், விளக்கை அணைப்போம், பிளாஸ்டிக்கைக் குறைப்போம் என்று வரிசையாகப் பதில் வரும். எதைச் செய்தால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. பாடப்புத்தகமும் கேட்பதில்லை, தேர்வும் கேட்பதில்லை.

அந்த "எவ்வளவு" என்ற கேள்வியை மாணவர்கள் தாங்களாகவே கேட்கும்படி செய்கிற ஒரு கருவி என்-ரோட்ஸ். இது ஒரு சிமுலேட்டர், அதாவது ஒரு முடிவை எடுத்தால் என்ன ஆகும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் கருவி. கிளைமேட் இன்டராக்டிவ் என்ற லாபநோக்கற்ற அமைப்பும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியும் வென்டானா சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. 2019 இறுதியில் வெளியானது. இலவசம். கணக்குத் தொடங்க வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரில் திறந்தால் போதும். பல வகுப்புகளில் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் காலநிலையையும் எரிசக்தியையும் சேர்த்துக் கற்பிக்க நான் பார்த்தவற்றில் இதுதான் சிறந்தது. ஆனால் ஆசிரியர் இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. புவியியல் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பெரிய குறையும் இதில் இருக்கிறது. இரண்டையும் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் திரையைப் பற்றி. மேலே இரண்டு கிராஃப்கள். ஒன்று, உலகத்துக்குத் தேவையான எரிசக்தி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சூரியஒளி, காற்று, அணுசக்தி என்று எதிலிருந்தெல்லாம் வருகிறது என்பதைக் காட்டும். மற்றொன்று பசுமைக்குடில் வாயுக்களின் உமிழ்வு. பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு எண்: தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் 2100-ல் உலகின் சராசரி வெப்பநிலை எத்தனை டிகிரி கூடியிருக்கும் என்பது. கீழே வரிசையாக ஸ்லைடர்கள், அதாவது இடமும் வலமும் நகர்த்தும் பொத்தான்கள். நிலக்கரிக்கு வரி போடலாம், புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு மானியம் தரலாம், கார்பனுக்கு விலை வைக்கலாம் (கரியமில வாயுவை வெளியிடுகிறவர்கள் அதற்குப் பணம் கட்ட வேண்டும்), வாகனங்களை மின்மயமாக்கலாம், காடழிப்பைக் குறைக்கலாம். எதையும் தொடாமல் விட்டால் அந்த எண் 3 டிகிரிக்கு மேலே நிற்கும். 2015-ன் பாரிஸ் ஒப்பந்தம் 2 டிகிரிக்கு வெகு கீழே நிறுத்த வேண்டும், 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல வேண்டும் என்கிறது. இந்த இடைவெளியை அடைப்பதுதான் வகுப்பின் வேலை.

ஸ்லைடரை நகர்த்தினால் ஒரு விநாடிக்குள் கிராஃப் மாறுகிறது. பின்னணியில் ஆயிரக்கணக்கான சமன்பாடுகள் ஓடுகின்றன. அவை என்னென்ன என்று விளக்கும் ஆவணமும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. இந்த வேகம்தான் இதன் பலம். ஒரு மாணவர் கேட்ட கேள்விக்கு அவருடைய ஆர்வம் ஆறுவதற்குள் பதில் கிடைத்துவிடுகிறது.

இந்த வேகமே ஆபத்தும்கூட. லேப்டாப்பை மாணவர்கள் கையில் கொடுத்து "2 டிகிரிக்குக் கீழே கொண்டு வாருங்கள்" என்று சொன்னால், சில நிமிடங்களில் எல்லா ஸ்லைடரையும் கோடிக்குத் தள்ளிவிட்டு "முடிச்சிட்டோம் டீச்சர்" என்பார்கள். எண் இறங்கியிருக்கும், ஏன் இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் என் வகுப்பில் ஒரே ஒரு கணினி, ஒரு புரொஜெக்டர், ஒரே விதி: ஸ்லைடரில் கை வைப்பதற்கு முன் எல்லோரும் நோட்டில் ஊகத்தை எழுத வேண்டும். எண் எவ்வளவு மாறும், ஏன் மாறும் என்று இரண்டு வரி. எழுதிய பிறகுதான் நகர்த்துவோம்.

மரத்தில்தான் எப்போதும் தொடங்குவார்கள். ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மரம் நடுவதை உச்சத்துக்குக் கொண்டுபோனால் ஒரு டிகிரியாவது இறங்கும் என்று பெரும்பாலானோர் எழுதியிருந்தார்கள். ஒரு பையன் துணிந்து ஒன்றரை என்று போட்டிருந்தான். நகர்த்தினோம். தசமப் புள்ளிக்குப் பிறகுள்ள இலக்கம்தான் கொஞ்சம் அசைந்தது. "திரும்ப நகர்த்துங்க டீச்சர், வேலை செய்யலை போல" என்றான் அவன். திரும்ப நகர்த்தினோம், அதே பதில். முன் வரிசையில் இருந்த ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "இப்ப நட்டா அது பெரிய மரமாக எத்தனை வருஷம் ஆகும் டீச்சர்?" அந்தக் கேள்வியோடு வகுப்பு வேறு தளத்துக்குப் போய்விட்டது. மரம் கார்பனைச் சேர்த்துக்கொள்ளப் பல பத்தாண்டுகள் எடுக்கும். உலக அளவில் நடுவதென்றால் நாடுகள் அளவுக்கு நிலம் வேண்டும். அந்த நிலத்தில் இப்போது யாரோ பயிர் செய்துகொண்டோ மாடு மேய்த்துக்கொண்டோ இருப்பார்கள். எவ்வளவு நிலம் தேவைப்படும் என்று காட்டும் கிராஃபும் இதற்குள்ளேயே இருக்கிறது, திறந்து காட்டினேன். மரம் நடுவது வீண் என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது என்பதில் எனக்கு அக்கறை உண்டு. நிழல், மண்வளம், நீர், பறவைகள் என்று அதற்கு வேறு பல காரணங்கள் இருக்கின்றன. புதைபடிவ எரிபொருளை எரித்துக்கொண்டே மரத்தால் அதை ஈடுகட்டிவிட முடியாது என்ற ஒன்று மட்டும் அவர்களுக்குத் தெளிவாக வேண்டும். அன்று தெளிவானது.

அடுத்து நிலக்கரி. வரியை ஏற்றியதும் நிலக்கரியின் பங்கு சரிகிறது, எண்ணும் இறங்குகிறது, வகுப்பு கைதட்டுகிறது. அங்கே நிறுத்தி, இடப்பக்க கிராஃபை மட்டும் பார்க்கச் சொல்வேன். கடைசியாகச் செய்த மாற்றத்தைத் திரும்ப ஓட்டிக் காட்டும் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி அழுத்திக் காட்டினால் கண் தானாகவே எரிவாயுப் பட்டைக்குப் போகும். நிலக்கரி சுருங்கும்போது எரிவாயு கொஞ்சம் வீங்குகிறது. மின்சாரம் தயாரிக்கும்போது எரிவாயு நிலக்கரியைப்போல ஏறத்தாழ பாதி கரியமில வாயுவைத்தான் வெளியிடும், ஆனால் பூஜ்யம் இல்லை. எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்தான்; குழாய்களில் கசிகிற அந்த மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் பிதுங்குகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள். இதைக் கரும்பலகையில் விளக்கிப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பலரையும் திகைக்க வைப்பது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஸ்லைடர். மானியத்தை உச்சத்துக்கு ஏற்றினாலும் வெப்பநிலை எண் சொற்பமாகத்தான் இறங்கும். சூரியஒளியும் காற்றாலையும்தான் தீர்வு என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு இது அடிவாங்கியதுபோல இருக்கும். காரணங்களைத் தேட விடுவேன். சூரியஒளி மின்சாரம் இப்போதே மலிவாகிக்கொண்டு வருவதால், எதுவும் செய்யாத நிலையிலேயே அதன் வளர்ச்சி கணக்கில் சேர்ந்திருக்கிறது. மானியம் கொடுத்து எரிசக்தியை இன்னும் மலிவாக்கினால் மக்கள் கூடுதலாகப் பயன்படுத்துவார்கள். ஏற்கெனவே கட்டிய நிலக்கரி நிலையங்கள் பல பத்தாண்டுகள் ஓடும். காரும் லாரியும் கொதிகலனும் எண்ணெயிலும் எரிவாயுவிலும் ஓடிக்கொண்டிருக்கும்வரை சுத்தமான மின்சாரம் அவற்றை எட்டாது. இதில் நாலாவதை யாராவது கண்டுபிடித்துவிட்டால், அடுத்து அவர்களே மின்மயமாக்கும் ஸ்லைடரைக் கேட்பார்கள். இரண்டையும் சேர்த்து நகர்த்தினால் தனித்தனியாகக் கிடைக்காத பலன் கிடைக்கிறது. கார்பன் விலையையும் சேர்த்தால் எண் நன்றாகவே சரியும். எரிசக்தி என்பது ஒரு முழு அமைப்பு என்ற எண்ணம் அங்கே முளைவிடுகிறது.

இன்னொரு விஷயம் மிக முக்கியம். உமிழ்வு கிராஃப் கிடைமட்டமாக ஆகிவிட்டால் போதும், சூடு ஏறுவது நின்றுவிடும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். மாணவர்கள் மட்டுமா? எம்ஐடி-யின் ஜான் ஸ்டெர்மனும் லிண்டா பூத் ஸ்வீனியும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் எம்ஐடி பட்ட மேற்படிப்பு மாணவர்களே இதே இடத்தில் சறுக்கியது தெரியவந்தது. வளிமண்டலத்தை ஒரு தண்ணீர்த் தொட்டியாக வைத்துக்கொண்டால், குழாய் வழியாக வருவது நம் உமிழ்வு, கீழே துளை வழியாகப் போவது கடலும் தாவரங்களும் உறிஞ்சுவது. நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ பாதி வளிமண்டலத்திலேயே தங்கிவிடுகிறது. குழாய் ஒரே சீராகத் திறந்திருந்தாலும், வருவது போவதைவிட அதிகமாக இருக்கும்வரை தொட்டி நிரம்பிக்கொண்டுதான் இருக்கும். என்-ரோட்ஸில் உமிழ்வு கிராஃபை ஒருபக்கமும், வளிமண்டலத்தில் உள்ள கரியமில வாயுவின் செறிவை மறுபக்கமும் வைத்துக் காட்டலாம். உமிழ்வுக் கோடு சமமாகப் போகும்போதும் செறிவுக் கோடு ஏறிக்கொண்டே போவதைப் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

இதையே ஒரு நாடகமாக நடத்தவும் வழி வைத்திருக்கிறார்கள். ஐ.நா. உச்சிமாநாடு மாதிரி, ஆசிரியர் பொதுச்செயலாளர். வகுப்பு குழுக்களாகப் பிரிந்து உலக அரசுகள், மரபு எரிசக்தி நிறுவனங்கள், தூய தொழில்நுட்பத் துறை, தொழில்-வணிகம், நிலம்-வேளாண்மை-காடு, காலநிலை நீதி அமைப்புகள் என்று ஆளுக்கொரு தரப்பாகப் பேசவேண்டும். ஒவ்வொரு தரப்பும் என்ன கேட்கும், எதை விட்டுக்கொடுக்காது என்ற குறிப்புகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் நிலக்கரி நிறுவனத்துக்காக வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். நிலக்கரிக்கு வரி போட்டால் சுரங்கத் தொழிலாளியின் குடும்பம் என்ன செய்யும் என்ற கேள்வி அப்படித்தான் வகுப்புக்குள் வந்தது. ஒரு மணி நேரத்தில் இதை முடிக்க முடியாது, இரண்டு பாடவேளையைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை சூடுபிடிக்கும் நேரத்தில் மணி அடித்தால் எல்லாம் கெட்டுவிடும்.

இனி குறைகள்.

ஸ்லைடர்களின் திசை குழப்புகிறது. நிலக்கரியை இடப்பக்கம் தள்ளினால் வரி, அதாவது வெப்பநிலை குறையும். புதுப்பிக்கத்தக்க எரிசக்தியை வலப்பக்கம் தள்ளினால்தான் மானியம். காடழிப்பைக் குறைக்க இடப்பக்கம், காற்றிலிருந்து கார்பனை நீக்குவதற்கு வலப்பக்கம். அதற்கு ஒரு தர்க்கம் இருக்கிறது, வலப்பக்கம் என்றால் "அது கூடுகிறது" என்று பொருள். ஆனால் முதல்முறை பார்க்கும் பிள்ளைக்கு எந்தப் பக்கம் நல்லது என்று தடுமாற்றம்தான். தொடங்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் பிறகு தொல்லையில்லை.

கிராஃப்கள் 2000-லிருந்து 2100 வரைதான் ஓடுகின்றன. எதிர்காலத்தைப் பற்றி முடிவெடுக்க இது போதும். இந்தக் கரியமில வாயு எப்போது, எப்படிச் சேர்ந்தது என்ற வரலாறு மட்டும் இதில் தெரியாது. அதற்கு நான் ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 1958-ல் சார்லஸ் கீலிங் தொடங்கிவைத்த அளவீட்டைக் காட்டுகிறேன். அப்போது ஏறத்தாழ 315 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 315 பங்கு), இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கோட்டில் ஆண்டுதோறும் வரும் சின்ன ஏற்ற இறக்கம், வடகோளத்துக் காடுகள் கோடையில் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு குளிர்காலத்தில் திரும்ப விடுவதால் வருவது. அதையும் அப்படியே பேசிவிடலாம்.

பெரிய குறை இதுதான்: இதில் உலகம் மொத்தமும் ஒரே எண். நாடு இல்லை, மலை இல்லை, ஆறு இல்லை. "எவ்வளவு", "ஏன்" என்ற கேள்விகளுக்கு அழகாகப் பதில் சொல்லும் கருவி "எங்கே" என்று கேட்டால் மௌனமாகிவிடுகிறது. இதே குழுவின் சி-ரோட்ஸ் என்ற இன்னொரு சிமுலேட்டரில் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், சீனா, இந்தியா என்று ஆறு பிரிவுகளாக உமிழ்வு உறுதிமொழிகளைக் கொடுத்துப் பார்க்கலாம். அது அரசியல் பேச உதவும், நிலத்தைப் பேச உதவாது.

இந்த இடத்தை நிரப்ப நான் சேர்த்துக்கொள்வது எலக்ட்ரிசிட்டி மேப்ஸ் என்ற தளம். டென்மார்க்கில் தொடங்கப்பட்டது. உலக வரைபடத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் இந்த நேரத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிராம் கரியமில வாயு வெளியாகிறது என்று பச்சையிலிருந்து பழுப்புவரை நிறங்களில் காட்டுகிறது. நார்வே பச்சை, போலந்து பழுப்பு. ஏன் என்று கேளுங்கள், அவ்வளவுதான், புவியியல் பாடம் தானாக நடக்கும். நார்வேயில் மலை, மழை, பனி உருகி விழும் நீர், அதனால் நீர்மின்சாரம். போலந்தில் மண்ணுக்கடியில் நிலக்கரி. ஐஸ்லாந்து, புவித்தட்டுகள் பிரிகிற நடு அட்லாண்டிக் முகட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் புவிவெப்பம் கையருகே கிடைக்கிறது. பிரான்ஸ் பச்சையாக இருப்பதற்கு மட்டும் நிலம் காரணமில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்த நாடு பெரிய அளவில் அணுமின் நிலையங்கள் கட்ட எடுத்த முடிவு காரணம்.

எனக்குப் பிடித்த ஜோடி ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவும் விக்டோரியாவும் அடுத்தடுத்த மாநிலங்கள், மின்கம்பியால் இணைந்தவை. வரைபடத்தில் பெரும்பாலும் வேறு வேறு நிறம். தெற்கு ஆஸ்திரேலியா தன் கடைசி நிலக்கரி நிலையத்தை 2016-ல் மூடிவிட்டு, காற்றையும் சூரியஒளியையும் பெரிதாக நம்பியிருக்கிறது. விக்டோரியாவின் லாட்ரோப் பள்ளத்தாக்கில் பழுப்பு நிலக்கரிப் படுகை இருக்கிறது, மின்நிலையங்கள் அதை ஒட்டியே வளர்ந்தன. மாணவர்களை ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து நண்பகலிலும் இரவிலும் நிறத்தைக் குறித்துவரச் சொல்வேன். சூரியன் இறங்கியதும் எது உள்ளே வருகிறது, எரிவாயுவா, நீரா, அண்டைப் பகுதியிலிருந்து வாங்கும் மின்சாரமா என்று அவர்களே பார்த்து எழுதுகிறார்கள். மின்சாரத்தைச் சேமித்துவைப்பது ஏன் பெரிய சவால் என்று இதற்குப் பிறகு நான் விளக்கத் தேவையிருப்பதில்லை. எல்லாப் பகுதிக்கும் நேரலைத் தகவல் ஒரே தரத்தில் இருக்காது, சில இடங்களில் மதிப்பீடுதான். அதையும் தளத்திலேயே குறித்திருக்கிறார்கள். மாணவர்களிடம் அந்தக் குறிப்பைச் சுட்டிக்காட்டுங்கள்.

கூகுள் எர்த் டைம்லாப்ஸும் நல்ல துணை. 1984 முதலான செயற்கைக்கோள் படங்களை ஓட்டிக் காட்டுகிறது. அலாஸ்காவின் கொலம்பியா பனியாறு பின்வாங்குவதைப் பார்த்துவிட்டு, கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவே ஆரல் கடல் வற்றுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் காலநிலை மாற்றத்தால் என்று பிள்ளைகள் உடனே எழுதிவிடுவார்கள். ஆரல் வற்றியதற்கு முதன்மைக் காரணம் பருத்திப் பாசனத்துக்காக அமு தரியா, சிர் தரியா ஆறுகளைத் திருப்பிவிட்டது. படத்தைப் பார்த்தவுடன் காரணத்தை முடிவுகட்டக் கூடாது என்று சொல்லித்தர இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. வடபகுதியில் 2005-ல் அணை கட்டியபின் நீர் கொஞ்சம் திரும்பி வந்ததையும் அதே படத்தில் காட்டலாம்.

ஒப்பீட்டுக்கு ஒன்று சொல்கிறேன். பணம் கட்டி வாங்கும் ஒரு மல்டிமீடியா பாடத்தொகுப்பையும் காலநிலைப் பாடத்துக்குப் பயன்படுத்த வேண்டியிருந்தது. பனிக்கரடி, இசை, அழகான அனிமேஷன். கிராஃபின் அச்சுகளில் அலகே இல்லை. பார்த்து முடித்ததும் ஒரு மாணவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பார்ப்பதற்கு மட்டும் செய்த பொருளுக்கும், கை வைத்துச் சோதிப்பதற்குச் செய்த பொருளுக்கும் உள்ள வேறுபாடு அதுதான். பள்ளி நிர்வாகம் செலவு செய்ய முன்வந்தால் நல்ல புரொஜெக்டரும் நிலையான இணைய இணைப்பும் கேளுங்கள்.

வயது பற்றி: பதின்மூன்று, பதினாலுக்குக் கீழே என்-ரோட்ஸ் வேண்டாம். வரி, மானியம் என்றால் என்ன என்று தெரியாத பிள்ளைக்கு இது வெறும் விளையாட்டாகிவிடும். சிறியவர்களுக்கு, மாணவர்களே சுற்றுச்சூழலைக் கவனித்துப் பதிவுசெய்யும் குளோப் திட்டம் பொருத்தம், 1995-ல் தொடங்கியது. அதன் செயலியில் வானத்தைப் படமெடுத்து, திரள் முகிலா கீற்று முகிலா என்று குறித்து அனுப்பலாம். செயற்கைக்கோள் மேலே கடக்கும் நேரத்தோடு பொருந்தினால் நாசாவிலிருந்து ஒப்பீடும் வரும். மேல்நிலை மாணவர்களுக்கோ என்-ரோட்ஸிலேயே இன்னும் ஆழம் இருக்கிறது. அனுமானங்களைத் திறந்து, கரியமில வாயு இரட்டிப்பானால் எத்தனை டிகிரி கூடும் என்ற எண்ணையே மாற்றிப் பார்க்கலாம். இப்படிப்பட்ட கணித மாதிரி என்பது சில அனுமானங்களின்மேல் நிற்கிறது என்று அவர்களுக்குச் சொல்லவேண்டிய வயது அது.

இந்தப் பாடத்தால் சில பிள்ளைகள் கலங்கிப்போவதும் உண்டு. ஒவ்வொரு ஸ்லைடரும் ஏமாற்றும்போது "அப்ப எதுவுமே நடக்காதா?" என்று கேட்பார்கள். அதனால் முதல் வகுப்பைத் தோற்றுப்போன ஸ்லைடர்களோடு முடிக்காதீர்கள். நேரம் போதாவிட்டால் மரத்தையும் அணுசக்தியையும் வேகமாகக் கடந்துவிட்டு, கார்பன் விலை, மீத்தேன், எரிசக்தித் திறன், மின்மயமாக்கல் நான்கையும் சேர்த்து நகர்த்தி எண் 2-ஐ நோக்கி இறங்குவதை அன்றே பார்க்க விடுங்கள். அவர்கள் உருவாக்கியதை இணைப்பாக நகலெடுத்து வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. குழுவாரியாகச் சேமித்து, அடுத்த வகுப்பில் ஒரு குழுவின் திட்டத்தை இன்னொரு குழுவிடம் கொடுத்து, இதனால் யாருக்கு வேலை போகும், யாருக்கு மூச்சுவிடச் சுத்தமான காற்று கிடைக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். காற்று மாசுக்கான கிராஃபும் அதே பட்டியலில் இருக்கிறது.